பழத்தை மூடினால் போதும், மரத்தை மூட வேண்டாம்

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில், கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் இருக்கும் சிறிய நிலத்தில் இரண்டு கொய்யா, ஒரு மாதுளை, ஒரு சப்போட்டா, ஒரு அத்தி, வேலியோரமாக ஒரு சீத்தா என்று நட்டேன். கொய்யா இரண்டும் பதியன் கன்றுகள் என்பதால் மூன்றாம் ஆண்டிலேயே நன்றாகக் காய்த்தன. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருப்பதால் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான். அந்த முதல் காய்ப்பில் ஒரு முழுப் பழத்தைக்கூட என்னால் பறிக்க முடியவில்லை. பச்சை நிறம் வெளுக்கத் தொடங்கிய அன்றே ஒவ்வொரு காயிலும் அலகு பட்டுவிட்டது. அடுத்த காய்ப்பில் ஆறாயிரம் ரூபாய்க்குமேல் செலவு செய்தும் பாதிக்குமேல் போனது. அதைவிட மனத்தைப் பாதித்தது என்னவென்றால், என் தோட்டத்து வலையிலேயே ஒரு பறவை செத்துத் தொங்கியது. இப்போது பழங்களில் பெரும்பகுதி எனக்குக் கிடைக்கிறது, அதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு. இடையில் நடந்தவற்றை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பணமும் மிச்சமாகியிருக்கும், அந்த உயிரும் பிழைத்திருக்கும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, பழத்தைத் தின்பது எது என்று கண்டுபிடிப்பது. எல்லாவற்றுக்கும் கிளியையே குறை சொல்வது நம் வழக்கம். கிளி பழத்தைக் காலால் பிடித்துக் கடித்து, பாதி தின்று, மீதியைக் கீழே போட்டுவிட்டு அடுத்த பழத்துக்குப் போய்விடும். அதனால்தான் அது தின்பதைவிட வீணாக்குவது அதிகம். கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தில் குழி குழியாகக் கொத்தும், பழம் காம்பிலேயே இருக்கும். குயிலுக்கும் பழம் பிடிக்கும். அதுவும் பட்டப்பகலில் இலைக்கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு தின்னும். அணில் கடித்த இடத்தில் சிறிய பல் தடங்கள் இரண்டிரண்டாகத் தெரியும். காலையில் எழுந்து பார்க்கும்போது மரத்தடியில் சப்பித் துப்பிய சக்கையும் விதையும் கிடந்தால், அது இரவில் வந்த பழந்தின்னி வௌவாலின் வேலை. எங்கள் தோட்டத்தில் காலையில் கிளி, நாள் முழுதும் அணிலும் கொண்டைக்குருவியும், இரவில் வௌவால் என்று முறை வைத்து வந்தன. பறவையை விரட்டுவதற்காகத் தொங்கவிடும் எந்தப் பளபளப்பும் இரவில் வரும் வௌவாலைத் தடுக்காது. இதை அறியாமல் செலவு செய்தால் பணம் போவது உறுதி. ஆகவே சில நாள் விடியற்காலையிலும் மாலையிலும் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பதுதான் செலவில்லாத முதல் வேலை.

நான் தொடங்கியது எல்லோரும் சொல்லும் வழிகளில். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சிடிகளும் ஒலிநாடாக்களும் மலிவாகக் கிடைத்தன. சிடிகளை இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டி நூலில் தொங்கவிட்டேன். ஒலிநாடாவின் பழுப்பு நாடாவை உருவி, முறுக்கிவிட்டு, கிளைக்குக் கிளை இழுத்துக் கட்டினேன். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் அது ரீங்காரம் போட்டது. முதல் வாரம் மரத்தில் ஒரு கிளிகூட உட்காரவில்லை. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அடுத்த வாரம் மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. அதற்கடுத்த வாரம் சிடி தொங்கிய கிளையிலேயே உட்கார்ந்து கொய்யாவைத் தின்றன. என் மருமகனின் பழைய சட்டையை மாட்டிய வைக்கோல் பொம்மைக்கும் அதே கதிதான். அதன் தலைமேல் மைனா உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

இதில் பறவையின் அறிவைத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும். புதிதாக ஒன்றைக் கண்டால் பறவை அஞ்சும். அதனால் தீங்கு எதுவும் வரவில்லை என்று தெரிந்துகொண்டால் அந்த அச்சம் போய்விடும். தினைப்புனம் காத்த பெண்களைப் பற்றிய பழம்பாடல்களில் தழல், தட்டை, குளிர், கவண் என்று கிளி ஓட்டும் கருவிகள் பல சொல்லப்படுகின்றன. அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள் என்பதும், பரண்மேல் ஆள் இருந்தே ஓட்டினார்கள் என்பதும் கவனிக்கத்தக்கவை. ஆளில்லாத கருவி ஒன்றை ஒரே இடத்தில் தொங்கவிட்டுவிட்டு நாம் வீட்டுக்குள் இருந்தால் அது பலிக்காது. எனவே சிடி, நாடா, பொம்மை, தகர டப்பா ஆகியவற்றைப் பயன்படுத்துவோர் அவற்றைக் காய் பிடித்த நாளிலிருந்தே தொங்கவிடக் கூடாது. பழம் நிறம் மாறத் தொடங்கும்போதுதான் வெளியே எடுக்க வேண்டும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்ற வேண்டும், ஒரு வாரத்தில் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க வேண்டும், பறிப்பு முடிந்த அன்றே எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு காய்ப்பில் பத்து, பதினைந்து நாள் காவல் கிடைக்கும். ஒரே சமயத்தில் பழுத்து முடியும் மரத்துக்கு அது போதும். மாதக்கணக்கில் பழுத்துக்கொண்டே இருக்கும் கொய்யாவுக்குப் போதாது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு கடைக்காரரின் பேச்சை நம்பி, மனிதர்களுக்குக் கேட்காத மீயொலியை எழுப்பிப் பறவைகளை விரட்டும் என்று சொல்லப்பட்ட கருவியை ஆயிரத்து அறுநூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். அது எந்தப் பறவையையும் அசைக்கவில்லை. ஏன் என்று பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். மனிதக் காதுக்குக் கேட்கும் ஒலியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். பெரும்பாலான பறவைகளின் எல்லை அதைவிடவும் குறைவு. நமக்கே கேட்காத மீயொலி கிளிக்கு எப்படிக் கேட்கும்? இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் அந்தப் பணம் என்னிடமே இருந்திருக்கும். மிளகாய்த்தூள் கரைசலும் இதே வகைதான். பாலூட்டிகளுக்கு எரிச்சலூட்டும் மிளகாய்க் காரத்தைப் பறவைகளின் நரம்பு உணர்வதில்லை. வீட்டில் கிளி வளர்த்த காலத்தில் அதற்குப் பழுத்த மிளகாயைக் கொடுத்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அந்தக் கிளியின் இனத்துக்கே மிளகாய்க் கரைசல் தெளிப்பது எப்படிப் பலிக்கும்? அணிலுக்கு ஓரளவு பலித்தது, ஆனால் ஒரு மழை பெய்ததும் கழுவிக்கொண்டு போய்விட்டது. தெளித்த எனக்குத்தான் கண்ணும் மூக்கும் எரிந்தன.

அடுத்தது வலை. இதைத்தான் மிகவும் கவனமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தேவனாம்பட்டினம் பக்கத்தில் கழித்துப்போட்ட மீன்வலை எடைக்குக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, ஆள் வைத்து வாங்கி வரச் செய்தேன். நரம்பு என்று சொல்லும் மெல்லிய நைலான் இழையால் பின்னிய வலை அது. ஏணி வைத்து மரத்தின்மேல் போர்த்தியதற்குக் கூலி, கட்டுக்கயிறு என்று வலையின் விலையைவிட மேல்செலவு அதிகமாயிற்று. பார்ப்பதற்குக் கச்சிதமாக இருந்தது. இரண்டு நாள் பழம் தப்பியது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு மைனா காலில் நரம்பு சுற்றித் தலைகீழாகத் துடித்துக்கொண்டிருந்தது. கத்தரித்து விடுவித்தேன், பறந்துவிட்டது. தற்செயல் என்று எண்ணி வலையைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினேன். அந்த வாரக் கடைசியில் ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது, ஒரு கொண்டைக்குருவி வலையில் செத்துத் தொங்கிக்கொண்டிருந்தது; அதன் இணை பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. தரையில் புரண்டுகிடந்த வலையின் ஓரத்தில் ஒரு பெரிய சாரைப்பாம்பு சிக்கி, முறுக்கிக்கொண்டு கிடந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அருகே போகவும் முடியாமல், விட்டுவிட்டு வரவும் மனமில்லாமல் நின்ற அந்த நேரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். வந்த வீரர்கள் தலையைக் கம்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நரம்பை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். பாம்பின் செதில்கள் பின்னோக்கி அமைந்திருப்பதால் கண்ணியில் தலையை நுழைத்த பாம்பால் பின்வாங்கி வெளியேற முடியாது என்றும், முன்னேற முன்னேற நரம்பு உடலை அறுக்கும் என்றும் அவர்களில் ஒருவர் சொன்னார். பாம்பு பிழைத்தது. நஞ்சில்லாத, எலியைத் தின்று நமக்கு உதவும் சாரைப்பாம்பாக இருந்ததால் சரி. அதே இடத்தில் நல்ல பாம்பு இருந்து, இருட்டில் நான் வலையைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்றும் உடல் நடுங்குகிறது.

அன்று மீன் கொண்டுவந்த அம்மாள் நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஏன் டீச்சரம்மா, மீன் கண்ணுக்கே தெரியக்கூடாதுன்னுதான் அந்த வலைய அப்படிப் பண்றாங்க, குருவிக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். முழு விஷயமும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. மீன்வலை, நரம்பு வலை, பெரிய கண்ணியுள்ள மெல்லிய நைலான் வலை எதையும் பழமரத்தில் போர்த்தவே கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், வீட்டுப் பழமரங்களுக்கு இடும் வலையின் கண்ணி முழுவதும் இழுத்த நிலையில் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டருக்குமேல் இருக்கக் கூடாது என்று விதியே நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் அளந்து பார்க்க எளிய வழி, கண்ணிக்குள் விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். வெள்ளை நிறமும் தடித்த இழையும் உள்ள வலையை உயிர்கள் எளிதில் பார்த்து விலகும். நம் பகுதியில் சவுக்குக் கம்பு மலிவாகக் கிடைக்கிறது. நான்கு கம்பு நட்டு, அதன்மேல் வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, அடி ஓரத்தைத் தரையில் புரளவிடாமல் மடித்துக் கம்போடு சேர்த்துக் கட்டினால் சிறிய செடிக்குப் பாதுகாப்பாக இருக்கும். நாள்தோறும் காலை, மாலை இருவேளை போய்ப் பார்க்க இயலாதவர்கள் வலையே போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஒருவேளை ஏதாவது பறவை சிக்கிவிட்டால் அதைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு துண்டை மேலே போட்டுக் கண்ணை மறைத்தால் துடிப்பது குறையும். சிறிய கத்தரிக்கோலால் வலையைத்தான் வெட்ட வேண்டும், முதலில் கழுத்து, பிறகு இறக்கை, கடைசியில் கால். காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் நிழலில் சிறிது நேரம் வைத்திருந்து, தெளிந்ததும் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் கால்நடை மருத்துவமனைக்கோ வனத்துறைக்கோ சொல்ல வேண்டும். பாம்பானால் எட்ட நின்று தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைப்பது ஒன்றே வழி. கிளிகளைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பசை தடவுவது, கண்ணி வைப்பது, நஞ்சு வைப்பது போன்ற யோசனைகளை யாராவது சொன்னால் செவிகொடுக்காதீர்கள்.

எனக்கு இறுதியில் பலித்தது, மரத்தை விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் மூடுவது. திருமண வீடுகளில் தரும் தாம்பூலப் பைகள் நம் வீடுகளில் குவிந்து கிடக்கின்றன. மஞ்சள் துணிப்பை, சிறிய சுருக்குப்பை, பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த பை எல்லாமே இதற்கு உதவும். உறவினர்களிடம் சொல்லிவைத்தேன், ஒரு மாதத்தில் வேண்டிய அளவுக்குச் சேர்ந்துவிட்டது. கொய்யாவில் காய் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் பை கட்ட வேண்டும். அதற்குமுன் கட்டினால் பிஞ்சு உதிரும்போது பையும் வீணாகும். நிறம் மாறிய பின் கட்டினால் பழ ஈ முன்பே முட்டையிட்டிருக்கும், உள்ளே புழுதான் இருக்கும். பை கட்டியதால் கிளியிடமிருந்து மட்டுமல்லாமல் பழ ஈயிடமிருந்தும் கொய்யா தப்பியது எனக்கு எதிர்பாராத லாபம். மாதுளையில் காய் துளைக்கும் புழுவின் தொல்லையும் அப்படியே குறைந்தது.

கட்டும் முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. பையின் வாயைக் காம்பில் கட்டாமல் காம்பு தோன்றும் சிறு கிளையில் கட்ட வேண்டும், மழையில் நனைந்த பையின் பாரத்தைக் காம்பு தாங்காது. பழம் பருக்க இடம் விட்டுத் தளர்வாக இருக்க வேண்டும். பையின் அடி மூலைகள் இரண்டையும் சிறிது கத்தரித்துவிட்டால் நீர் தேங்காது. கட்டுவதற்கு முதல் நாள் மாவுப்பூச்சியும் எறும்பும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளித்துக் காயவிட வேண்டும். இல்லையென்றால் பைக்குள் எந்த எதிரியும் இல்லாமல் மாவுப்பூச்சி பெருகிவிடும். வாரம் ஒருமுறை சில பைகளைத் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் உறையும், வெட்டிய தண்ணீர்ப் புட்டியும் நான் கட்டிப் பார்த்தவைதாம். சித்திரை வெயிலில் உள்ளே வியர்த்துப் பழம் வெந்துபோயிற்று, மாதுளையின் தோல் கருகியது. செய்தித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிய பை கோடைக்கு மிக நல்லது, செலவும் இல்லை. ஐப்பசி மழையில் அது ஒரே நாளில் கரைந்துவிடும் என்பதால் அப்போது துணிதான்.

துணிப்பையை அணிலும் சில சமயம் கிளியும் கிழிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் மாதுளைதான் அப்படி அகப்பட்டது. சன்னலுக்குக் கொசுவலைக் கம்பி அடிப்பவரிடம் வெட்டி எறிந்த அலுமினியத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, குழாய் போலச் சுருட்டி, இரு முனைகளையும் மடக்கிப் பழத்துக்கு மாட்டினேன். விளிம்பு கையைக் கீறும் என்பதால் மடித்துவிட்டே மாட்ட வேண்டும். அதன்பிறகு அணில் அந்தப் பழங்களைத் தொடவில்லை, துண்டுகள் பல பருவங்களுக்கு உழைக்கின்றன. அத்தி போலக் கிளை நெடுகக் காய்க்கும் மரத்துக்குத் தனித்தனிப் பை கட்ட முடியாது. பழைய கொசுவலையைக் கைச்சட்டை போலத் தைத்துக் கிளைக்கு மாட்டி இரு முனையிலும் கட்டிவிடலாம். அதன் கண்ணி மிகச் சிறியது என்பதால் எந்த உயிரும் சிக்குவதில்லை. மாதுளையானாலும் கொய்யாவானாலும் பூவாக இருக்கும்போது மட்டும் மூடக் கூடாது, தேனீ வந்து போனால்தான் காய் நன்றாகப் பிடிக்கும்.

பை கட்டுவதற்குக் கைக்கு எட்டும் உயரத்தில் மரம் இருக்க வேண்டும். அதற்காகக் கொய்யாவை ஆறேழு அடிக்குமேல் வளரவிடாமல் கவாத்து செய்கிறேன். கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் வெட்டினால் காய்ப்பு குறையாது. உச்சியில் எட்டாத பழங்களைப் பறவைகளுக்கே விட்டுவிட்டேன், வேலியில் கோவைக்கொடியையும் படரவிட்டேன். கோடையில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு கொத்தல் சற்றுக் குறைந்ததாக எனக்குத் தோன்றியது.

சப்போட்டாவுக்கும் சீத்தாவுக்கும் பையே தேவைப்படவில்லை, முற்றியதும் பறித்துவிடுவதே போதுமான காவல். சப்போட்டாவை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரியாமல் பால் குறைவாக வந்தால் பறிக்கலாம். சீத்தாவில் கண்களுக்கு இடையே பள்ளம் விரிந்து வெளிர் மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம். இவையும் கொய்யாவும் பப்பாளியும் மாம்பழமும் பறித்த பின் பழுக்கும் இனங்கள்; பறவை கொத்தும் முன்பே பறித்து வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ பழுக்க வைக்கலாம். மாதுளையும் திராட்சையும் பறித்த பின் பழுக்காதவை, அவற்றை மரத்திலேயே காத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே பைகள் குறைவாக இருந்தால் முதலில் மாதுளைக்குக் கட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. கிளி கொத்தியது இனிக்கும் என்று சொல்லி, கடித்த பழத்தின் மறுபக்கத்தைப் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இரவில் கடித்தது வௌவாலா, பகலில் கடித்தது கிளியா என்பது பழத்தைப் பார்த்து எப்போதும் தெரிவதில்லை. 2018இல் கேரளத்தில் கோழிக்கோடு, மலப்புரம் பகுதியில் நிபா வைரஸ் பரவியபோது, வௌவால் கடித்த பழங்களை உண்ண வேண்டாம் என்று சுகாதாரத் துறையினர் எச்சரித்தார்கள். எங்கள் வீட்டில் கடிபட்ட பழம் எதுவானாலும் கையுறை மாட்டி எடுத்துக் குழியில் போட்டு மண் மூடிவிடுகிறோம். பழ ஈயின் புழுவும் அதோடு அழிவதால், அடுத்த காய்ப்பில் பை கட்டாத கிளைகளிலும் சொத்தைப் பழம் குறைந்திருக்கிறது.